யாருக்கென்று தெரியாமல் அனுப்பும் செய்தி

பள்ளியில் மணி அடித்தவுடன் என்னென்ன நடக்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? ஆசிரியர் பாடத்தை முடித்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குக் கிளம்புகிறார். மைதானத்தில் விளையாடுபவர்கள் வகுப்பறைக்குத் திரும்புகிறார்கள். சமையற்கூடத்தில் தட்டுகளை எடுத்து வைக்கிறார்கள். காவலர் வாயிற்கதவைத் திறக்கிறார். மணி அடித்தவர் இவர்களில் ஒருவரையும் தனியே கூப்பிடவில்லை. யார் யார் கேட்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. அவர் வேலை மணி அடிப்பது மட்டுமே. கேட்டவர்கள் அவரவர் வேலையைச் செய்கிறார்கள்.

இன்று கணிப்பொறியில் ஓடும் நிரல்கள் பலவும் இதே முறையில்தான் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. இதற்குப் ‘பப்ளிஷ்-சப்ஸ்கிரைப்’ முறை என்று பெயர். நாம் இதை வெளியீடு-சந்தா முறை என்று சொல்லலாம். நீங்கள் ஒரு மாத இதழுக்குச் சந்தா கட்டுகிறீர்கள். இதழ் உங்கள் வீடு தேடி வருகிறது. கட்டுரை எழுதியவருக்கு உங்கள் முகவரி தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. இந்த எளிய ஏற்பாட்டில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. அதோடு ஓர் ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

தனித்தனியே கூப்பிட்டால் என்ன?

ஒரு பெரிய கட்டடத்தில் புகையை உணரும் கருவி பொருத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்கருவியை ஒரு நிரல் இயக்குகிறது. புகை வந்தால் மூன்று வேலைகள் நடக்கவேண்டும். சங்கு ஒலிக்கவேண்டும். மின்தூக்கி தரைத்தளத்துக்கு வந்து நிற்கவேண்டும். தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போகவேண்டும். புகை நிரலை எழுதுபவர் இம்மூன்று கட்டளைகளையும் அதற்குள்ளேயே எழுதிவிடலாம். வேலையும் நடக்கும்.

மறு ஆண்டு, கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் குழாய்களையும் அமைக்கிறார்கள். இப்போது புகை நிரலைத் திறந்து நான்காவது கட்டளையைச் சேர்க்கவேண்டும். அதற்கடுத்த ஆண்டு தானாக மூடும் கதவுகள் வருகின்றன, ஐந்தாவது கட்டளை. புகையை உணர்வதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் அந்த நிரலை மீண்டும் மீண்டும் திருத்த நேர்கிறது. ஒவ்வொரு திருத்தமும் ஒரு பிழை நுழைவதற்கான வழி. இன்னொன்று: மின்தூக்கியின் நிரல் பதில் தராமல் நின்றுவிட்டால், அதற்காகக் காத்திருக்கும் புகை நிரலும் அடுத்த கட்டளைக்குப் போகாமல் நின்றுவிடக்கூடும்.

சந்தா முறை எப்படி நடக்கிறது?

இந்தச் சிக்கலைத் தீர்க்க, நடுவில் ஒரு நிரலை வைக்கிறார்கள். அதை அஞ்சல் நிரல் என்று அழைப்போம். அதனிடம் ஓர் அட்டவணை உண்டு. இடப்பக்கத்தில் செய்தியின் பெயர். வலப்பக்கத்தில் அச்செய்திக்குச் சந்தா கட்டியவர்களின் பட்டியல்.

புகை எச்சரிக்கை: சங்கு, மின்தூக்கி, தீயணைப்பு நிலையம்
கதவு திறந்தது: விளக்கு, வருகைப் பதிவேடு

புகை நிரல் ‘புகை எச்சரிக்கை’ என்ற செய்தியை அஞ்சல் நிரலிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. அஞ்சல் நிரல் அட்டவணையில் அந்தப் பெயரைத் தேடுகிறது. அதற்கு எதிரே உள்ள ஒவ்வொருவருக்கும் செய்தியின் ஒரு படியைக் கொடுக்கிறது. சந்தாதாரர் ஒவ்வொருவரிடமும் ‘இச்செய்தி வந்தால் இதைச் செய்’ என்னும் ஒரு சிறு நிரற்பகுதி உண்டு. அதைக் கையாளி என்பார்கள். செய்தி வந்ததும் கையாளி இயங்குகிறது.

தண்ணீர்க் குழாய் புதிதாக வருகிறதா? அதன் நிரல் அட்டவணையில் தன் பெயரைப் பதிந்துகொள்கிறது. அவ்வளவுதான். புகை நிரலில் ஓர் எழுத்துக்கூட மாறுவதில்லை.

இம்முறை தொழில்துறையில் எவ்வளவு பயன்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1999-இல் ஆண்டி ஸ்டான்போர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்னும் இரு பொறியாளர்கள், தொலைதூரத்தில் செல்லும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக எம்.க்யூ.டி.டி. என்னும் சந்தா முறையை வகுத்தார்கள். குறைந்த மின்சாரமும் மெதுவான தொடர்பும் போதும் என்பது அதன் சிறப்பு. இன்று வீட்டு விளக்கு முதல் தொழிற்சாலை இயந்திரம் வரை எத்தனையோ கருவிகள் அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உறைக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அஞ்சல்காரர் பிரித்துப் பார்ப்பதில்லை அல்லவா? அதுபோல எம்.க்யூ.டி.டி.-யும் செய்தியின் உள்ளடக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அதைச் சரியாகப் புரிந்துகொள்வது அனுப்புபவர், பெறுபவர் ஆகியோரின் பொறுப்பு.

வசதியோடு வந்த ஆபத்து

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒருவர் ஒன்றை நினைத்து அனுப்ப, மற்றவர் வேறொன்றாகப் படித்துவிட்டால் என்ன ஆகும்?

‘தவறாக வந்தால் கணிப்பொறிக்குத் தெரியாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது என்பதே உண்மை. கணிப்பொறியின் நினைவகத்தில் இருப்பவை 0, 1 என்னும் இரண்டு குறிகள் மட்டுமே. 01000001 என்ற எட்டுக் குறிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எண் என்று படித்தால் இது 65. எழுத்து என்று படித்தால், ஆஸ்கி என்னும் குறியீட்டு முறைப்படி, ஆங்கில நெடுங்கணக்கின் முதல் பெரிய எழுத்து. அடுத்து, பதினாறு ஒன்றுகளை வரிசையாக எழுதுங்கள்: 1111111111111111. நேர் எண்கள் மட்டும் கொண்ட முறையில் இதன் மதிப்பு 65,535. குறை எண்களையும் கொண்ட, பெரும்பாலான கணிப்பொறிகள் பின்பற்றும் முறையில் இதுவே -1. குறிகள் ஒன்றே, பொருள் வேறு. எப்படிப் படிக்கவேண்டும் என்ற செய்தி அந்தக் குறிகளுக்குள் இல்லை.

ஆகவே ஒரு தகவலை வேறொன்றாகப் படித்தாலும் கணிப்பொறி திகைத்து நிற்பதில்லை. கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு கணக்கைத் தொடர்ந்து போடுகிறது.

37 நொடிகளில் நேர்ந்தது

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. பூமியின் காந்தப்புலத்தை ஆராயும் ‘கிளஸ்டர்’ என்னும் நான்கு செயற்கைக்கோள்கள் அதில் இருந்தன.

ராக்கெட் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அளக்க இரண்டு ஒரே மாதிரியான கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்பது ஏற்பாடு. இவற்றிலிருந்து வரும் எண்களைப் படித்து, முதன்மைக் கணிப்பொறி ராக்கெட்டைச் செலுத்தும். இக்கருவிகளின் நிரல் முந்தைய ஏரியன்-4 ராக்கெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. அதிலே 64 குறிகளில் எழுதப்பட்ட ஒரு தசம எண்ணை 16 குறிகளுக்குள் அடங்கும் முழு எண்ணாக மாற்றும் இடம் ஒன்று இருந்தது. குறை எண்களையும் கொண்ட முறையில் 16 குறிகளில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. ஏரியன்-4-இல் அந்த மதிப்பு இவ்வெல்லையைத் தாண்டியதே இல்லை. ஏரியன்-5 தொடக்கத்திலேயே கிடைத்திசையில் அதிக வேகம் எடுக்கும் ராக்கெட். எனவே எண் எல்லையைத் தாண்டியது. மாற்று கருவி முதலில் நின்றது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதே நிரலை ஓட்டிய முதன்மைக் கருவியும் அதே காரணத்தால் நின்றது. எஞ்சின் இயங்கத் தொடங்கிச் சுமார் 37 நொடிகள் ஆகியிருந்தன.

இதுவரை நடந்தது ஓர் எண் பிழை. இனி நடந்ததுதான் நம் பாடத்துக்கு உரியது. நின்றுபோன கருவி, தனக்கு என்ன பழுது என்பதைப் பொறியாளர்கள் பிறகு படித்தறிவதற்காகச் சில குறிகளை அனுப்பியது. அது பழுது அறிக்கை. முதன்மைக் கணிப்பொறியோ வழக்கமாக அந்த இடத்தில் வரும் சாய்மான அளவுகளாக அதைப் படித்தது! ராக்கெட் பெரிதும் சாய்ந்துவிட்டதாக முடிவு செய்து, அதை நிமிர்த்துவதற்காக எஞ்சின்களின் புகைக்குழல்களை முழு அளவுக்குத் திருப்பியது. நேராகப் போய்க்கொண்டிருந்த ராக்கெட் திடீரெனத் திரும்பியது. காற்றின் விசை தாங்காமல் பக்க ராக்கெட்டுகள் பிரியத் தொடங்கின. உடனே தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் அமைப்பு இயங்கிற்று. நான்கு செயற்கைக்கோள்களும் அழிந்தன.

இவ்விபத்தைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ழாக்-லூயி லியோன் தலைமையிலான குழு ஆராய்ந்து, அடுத்த மாதமே அறிக்கை அளித்தது. பழுது அறிக்கை பறப்புத் தகவலாகப் படிக்கப்பட்டது என்பதை அக்குழு தெளிவாகக் கூறியது. எந்த உணர்கருவியும் தன்னால் இயன்றவரை நல்ல தகவலை அனுப்புவதை நிறுத்தக்கூடாது என்றும் பரிந்துரைத்தது. கிளஸ்டர் செயற்கைக்கோள்களை மீண்டும் உருவாக்கி 2000-ஆம் ஆண்டில்தான் விண்ணுக்கு அனுப்ப முடிந்தது.

ஏரியனில் இருந்தது நாம் மேலே கண்ட சந்தா முறை அன்று. இரு கருவிகளுக்கும் கணிப்பொறிக்கும் இடையே குறிப்பிட்ட பாதையில் தகவல் ஓடிற்று. இரண்டு கருவிகளும் நின்றுவிட்ட பிறகு, செய்தியைச் சரியாக அடையாளம் கண்டிருந்தால் மட்டும் ராக்கெட் பிழைத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆயினும் ஒன்று விளங்குகிறது. அந்தக் கருவியின் நிரல் அடா என்னும் மொழியில் எழுதப்பட்டது. எண்ணை எழுத்தோடு கலக்கவிடாத, மிகக் கண்டிப்பான மொழி அது. அந்தக் கண்டிப்பு நிரலின் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும். எல்லையைத் தாண்டிக் கம்பியில் ஏறியதும் மிஞ்சுவது வெறும் 0-உம் 1-உம். இரண்டு முனையிலும் ஒரே ஒப்பந்தம் இருக்கவேண்டும். அதைச் சரிபார்க்க ஓர் ஏற்பாடும் இருக்கவேண்டும்.

வகை என்னும் ஒப்பந்தம்

அந்த ஒப்பந்தத்தின் பெயர்தான் வகை. வங்கியில் பணம் செலுத்தும் படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். பெயருக்கு ஒரு கட்டம், கணக்கு எண்ணுக்கு ஒரு கட்டம், தொகைக்கு ஒரு கட்டம். தொகைக் கட்டத்தில் பெயரை எழுதினால் வாங்க மாட்டார்கள். செய்தியின் வகை என்பதும் இப்படிப்பட்ட ஒரு படிவமே. நம் கட்டடத்துக்கு இப்படி ஒரு படிவம் வரையலாம்:

வகை: புகை எச்சரிக்கை
தளம்: முழு எண்
புகையின் அளவு: தசம எண், நூற்றுக்கு இவ்வளவு
நேரம்: மணி, நிமிடம், நொடி

பழுது அறிக்கைக்கு வேறு படிவம்:

வகை: கருவிப் பழுது
கருவியின் எண்: முழு எண்
பழுதின் விவரம்: எழுத்துகள்

இப்போது அஞ்சல் நிரலின் அட்டவணையில் இடப்பக்கம் வெறும் பெயர் இல்லை, வகை இருக்கிறது. புகை எச்சரிக்கைக்குச் சந்தா கட்டியவரிடம் புகை எச்சரிக்கைப் படிவம் மட்டுமே போகும். கருவி பழுதானால் அது அனுப்பும் செய்தி ‘கருவிப் பழுது’ வகை; அது அந்த வகைக்கெனச் சந்தா கட்டிய பராமரிப்பு நிரலுக்குப் போகும். ஒன்று மற்றொன்றின் கட்டத்தில் விழ வழியில்லை.

இந்தச் சரிபார்ப்பை எப்போது செய்வது? மூன்று வேளைகள் உண்டு. முதலாவது, நிரலை எழுதி முடித்துக் கணிப்பொறி மொழிக்கு மாற்றும் வேளை. மாற்றும் வேலையைச் செய்யும் கம்பைலர், ‘இந்தக் கையாளி கேட்பது முழு எண், நீ கொடுப்பது எழுத்து’ என்று அப்போதே சுட்டிக்காட்டும். இரண்டாவது, தனித்தனியே எழுதப்பட்ட நிரல்கள் ஒன்றோடொன்று இணையும் வேளை. மூன்றாவது, செய்தி வந்து சேர்ந்த பின். முதல் வேளையில் பிடிபடும் பிழைக்கு விலை சில நிமிடங்கள். பறக்கும்போது வெளிப்படும் பிழைக்கு விலை ஒரு ராக்கெட்டாகவும் இருக்கலாம். ஆகவே பொறியாளர்கள் எவ்வளவு முன்னதாக முடியுமோ அவ்வளவு முன்னதாகச் சரிபார்க்க விரும்புகிறார்கள்.

ரோபோவுக்குள் ஒரு முத்திரை

இரண்டாவது வேளைக்கு நல்ல எடுத்துக்காட்டு ரோஸ் என்னும் ரோபோ மென்பொருள். 2007-ஐ ஒட்டி அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இது இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. ஒரு ரோபோவுக்குள் பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடும். லேசர் கதிரால் சுற்றுப்புறத்தை அளக்கும் நிரல், எந்தக் கோணத்தில் எவ்வளவு தூரத்தில் தடை இருக்கிறது என்னும் எண்களை வெளியிடும். வரைபடம் போடும் நிரலும், மோதாமல் வழி கண்டுபிடிக்கும் நிரலும் அதற்குச் சந்தா கட்டும்.

ரோஸின் முதல் தலைமுறையில் ஒவ்வொரு செய்தி வகைக்கும் ஒரு முத்திரை எண் இருந்தது. படிவத்திலுள்ள கட்டங்களின் பெயர், வரிசை, எண்ணா எழுத்தா என்பன எல்லாவற்றையும் சேர்த்து எம்.டி.-5 என்னும் கணக்கு முறையால் 128 குறிகள் கொண்ட ஓர் எண்ணைப் பெறுவார்கள். படிவத்தில் ஒரு கட்டம் மாறினாலும் இந்த எண் மாறிவிடும். இரு நிரல்கள் இணையும்போது முதலில் முத்திரைகளை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் இணைப்பே கிடையாது. தவறான செய்தியைப் படிப்பதைவிட ஒன்றும் படிக்காமல் பிழையை அறிவிப்பது மேல் அல்லவா?

படிவம் சரி, அலகு தவறு

வகையை எழுதிவிட்டால் எல்லாப் பிழையும் ஒழிந்துவிடுமா? அதுவும் இல்லை. செவ்வாயை ஆராய 1998 டிசம்பரில் அமெரிக்கா அனுப்பிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்னும் விண்கலத்தின் கதையைக் கேளுங்கள்.

வழியில் அவ்வப்போது அதன் சிறு உந்துகருவிகளை இயக்க நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் கிடைத்த உந்துதலைத் தரையிலிருந்த ஒரு நிரல் கணக்கிட்டு எழுதி வைக்கும். பாதையைக் கணிக்கும் வேறொரு நிரல் அதைப் படிக்கும். நியூட்டன்-நொடி என்னும் அலகில் எழுதவேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் நிரலோ பவுண்டு-விசை-நொடி என்னும் அலகில் எழுதியது. ஒரு பவுண்டு-விசை சுமார் 4.45 நியூட்டனுக்குச் சமம். எனவே ஒவ்வொரு உந்துதலும் உண்மையைவிட 4.45 மடங்கு குறைவாகக் கணக்கில் ஏறியது. எழுதியதும் எண், படித்ததும் எண். எந்தக் கணிப்பொறியும் மறுப்புச் சொல்லவில்லை. 1999 செப்டம்பர் 23 அன்று விண்கலம் செவ்வாயை நெருங்கியது. 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்லவேண்டிய கலம் சுமார் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டதாகப் பின்னர் கணக்கிட்டார்கள். அதன்பின் அதிலிருந்து செய்தி வரவே இல்லை.

ரோஸ் முத்திரையும் இதில் முழுக் காவல் அன்று. தூரம் மீட்டரில், கோணம் ரேடியனில் என்ற குறிப்புகள் படிவத்தின் ஓரத்தில் விளக்கமாக எழுதப்பட்டிருந்தன. முத்திரை கணக்கிடும்போது விளக்கங்களை நீக்கிவிடுவார்கள். அதனால் அலகை மட்டும் மாற்றினால் முத்திரை மாறாது. அலகையும் வகையின் பகுதியாக ஆக்கிவிடுவதே சிறந்த வழி. எஃப் ஷார்ப் என்னும் நிரல் மொழியில் இதற்கு இடம் உண்டு. மீட்டரையும் அடியையும் தவறிக் கூட்டினால் கம்பைலரே தடுத்துவிடும். உங்கள் இயற்பியல் ஆசிரியர், அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

செய்து பாருங்கள்

வகுப்பு நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து இதை விளையாட்டாகவே செய்து பார்க்கலாம். மூவர் செய்தி வெளியிடுபவர்கள், நால்வர் சந்தாதாரர்கள், ஒருவர் அஞ்சல் நிரல். முதல் சுற்றில் வெளியிடுபவர்கள் துண்டுத்தாளில் வெறும் எண் மட்டும் எழுதவேண்டும், ‘40’ என்பதுபோல. அஞ்சல் நிரலாக இருப்பவர் அதை நால்வருக்கும் படி எடுத்துக் கொடுக்கட்டும். அது வெப்பநிலையா, வண்டியின் வேகமா, வருகை தந்த மாணவர் எண்ணிக்கையா என்று ஒவ்வொருவரும் எழுதி வைக்கட்டும். இரண்டாம் சுற்றில் வகை, அளவு, அலகு ஆகிய மூன்று கட்டங்கள் கொண்ட படிவத்தைப் பயன்படுத்துங்கள். சந்தாதாரர்கள் தமக்கு வேண்டிய வகையை முன்கூட்டியே பதிந்துகொள்ளவேண்டும். கட்டம் நிரப்பாத படிவத்தை அஞ்சல் நிரல் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். இரு சுற்றுகளிலும் எத்தனை தவறுகள் நேர்ந்தன என்று எண்ணிப் பாருங்கள்.

விளையாடி முடித்தபின் சிந்திக்க இரண்டு கேள்விகள்:

1. ஒரு வகையில் புதிய கட்டம் ஒன்றைச் சேர்க்கவேண்டும். பழைய படிவத்தையே படிக்கத் தெரிந்த சந்தாதாரர்கள் பலர் இருக்கிறார்கள். பழைய கட்டங்களைத் தொடாமல் கடைசியில் சேர்ப்பது நல்லதா, புதுப் பெயரில் புது வகை வெளியிடுவது நல்லதா? ஒவ்வொன்றிலும் என்ன நன்மை, என்ன தொல்லை?

2. நம் கட்டடத்தில் மின்தூக்கியின் நிரல் ‘புகை எச்சரிக்கை’ வகைக்குச் சந்தா கட்டவே மறந்துவிட்டது. புகை நிரல் சரியாக வெளியிடுகிறது, அஞ்சல் நிரல் சரியாகக் கொடுக்கிறது, வகைகளும் பொருந்துகின்றன. ஆனால் மின்தூக்கி நிற்கவில்லை. இந்தக் குறையைத் தீ பிடிப்பதற்கு முன்பே யார், எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டாவது கேள்விக்கு வகைச் சரிபார்ப்பில் விடை இல்லை. அதற்கு நீங்கள் என்ன ஏற்பாடு செய்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, வகுப்பில் விவாதித்துப் பாருங்கள்.